பெயர் வெட்டும் ஸ்கேன் சாமி

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் மகான் ஒருவர் தோன்றியிருக்கிறார். பெயர் ஸ்கேன் சாமி. டாக்டர் படிப்பு இல்லை, மெஷின் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. ஸ்கேன் படத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன குறை, அது யாரால் வந்தது என்று சொல்லிவிடுவார். காணிக்கைத் தட்டுக்கு மட்டும் கண் திறப்பார். வாசலில் கர்ப்பிணிகள் வரிசை. திருநீறு, சிலுவை, பர்தா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மடமைக்கு ஏது மதபேதம்!

ஒரே ஒரு நிபந்தனை. படத்தில் அச்சடித்திருக்கும் பெயரைக் கத்தரித்துவிட வேண்டும். பெயர் இருந்தால் திருஷ்டி ஒட்டுமாம்.

கொட்டாஞ்சேனை துஷாந்தினிக்கு ஐந்தாம் மாதம். பிள்ளையின் இதயத்தில் ஏதோ வித்தியாசம் என்றது ஸ்கேன்.

"காரணம் இப்ப சொல்லேலாது. இதயத்தை மட்டும் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாப்பம். முதலே தெரிஞ்சா, பிறந்த உடன வைத்தியம் செய்யலாம்" என்றார் டாக்டரம்மா.

சாமிக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. "கிரகணத்தில கத்தி பிடிச்சிருக்கிறாய். இனி ஸ்கேன் எடுத்தா பிள்ளை தங்காது!"

"ஓம், மீன் வெட்டினனான். என்ர பிள்ளையை நானே கெடுத்திட்டன்" என்று துஷாந்தினி ஓயாமல் அழுதாள். புருஷன் சந்திரகுமார் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றான்.

அவனுடைய அக்கா பத்மாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீன் வெட்டினா இதயம் பழுதாகுமெண்டா, மீன் விக்கிற பொம்பிளையளுக்கு ஒரு பிள்ளையும் உருப்படியாப் பிறந்திருக்காதேடா!"

'இன்னொருக்கால் கேட்டுப் பாப்பம்' என்று இருவரையும் சாமியிடம் அழைத்துப் போனாள். பெயர் வெட்டிய படம் ஒன்றை நீட்டினாள்.

சாமி கண்ணை மூடினார். உடம்பு நடுங்கியது. "நாகதோஷம்! ஆம்பிளைப் பிள்ளை. கழுத்தில பாம்பு சுத்தியிருக்கு. எங்க தாய்?"

பத்மாவதி தம்பியைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இதுதான் தாய், சாமி. இது போன வருசம் இவன் எடுத்த ஸ்கேன். நீங்கள் கண்ட பிள்ளை, பித்தப்பைக் கல்லு!"

வரிசை வெடித்துச் சிரித்தது.

"படத்தை மாத்தி என்னையே சோதிக்கிறியா? பாவி!"

"பேரை வெட்டச் சொன்னது நீங்கள்தானே?"

சாமிக்கு அவசரமாகத் தியானம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

துஷாந்தினி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப... நான் ஒண்டும் செய்யேல்லையா, மச்சாள்?"

"நீ ஒரு பிழையும் செய்யேல்லையடி. வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

சந்திரகுமார் தலையைக் குனிந்தபடி ஓட்டோ பிடிக்க ஓடினான். வரிசையில் பாதிப் பேர் கலைந்தார்கள். மீதிப் பாதி, சாமி எப்போது கதவு திறப்பார் என்று காத்து நின்றது.

'தெரியாது, சோதித்துப் பார்ப்போம்' என்கிறவரை விட்டுவிட்டுச் சாமி வாசலில் நிற்கும் புண்ணியவான்களே! கண்ணை மூடுவது அவருக்குத் தொழில். நீங்கள் எதற்கு மூடுகிறீர்கள்?