முதல் பூ பூக்கட்டும்

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், யூஃபென். இந்தச் செடியில முதல் பூ பூக்கட்டும், கேக்குறேன்."

"இப்ப நட்ட பியோனி ஒழுங்காப் பூக்க மூணு வருஷம் ஆகும், வாத்தியாரே!"

"ஆகட்டும்."

இலையுதிர் காலத்தில் நடந்த அந்தப் பேச்சை நினைத்துத் தெசெங் இப்போது தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியும், கல்யாணம் என்ற சொல்லை அடுத்த வீட்டு விதவை யூஃபெனிடம் சொல்ல மட்டும் அதற்குத் துணிவில்லை. சாக்குக்கு அவளிடமே மூன்று கன்று வாங்கி நட்டுவிட்டார். இனி அவை பிழைத்தால்தான் கேள்வியும் பிழைக்கும்.

தரை உறையும் முன் புதுக் கன்றைத் தண்டு மூட மண் அணைக்க வேண்டும். பியோனிக்குப் பேர்போன ஹெஸெ ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவரும் ஒரு சாண் உயரம் அணைத்தார். மறுநாள் காலை, யூஃபெனின் ஆடு எல்லாவற்றையும் கிளறிப் போட்டிருந்தது.

"அதைக் கட்டிப் போடக் கூடாதா?"

"கட்டத்தான் செய்றேன். சனியன், எப்படியோ அவுத்துக்குது!"

முழங்கால் உயரம் மண்ணைக் குவித்து, மண்வெட்டியால் தட்டி வழவழப்பாக்கினார். தெருவில் போன லூ கிழவர் எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"ஐயையோ, வாத்தியாரே! மூணு பேரா? எப்போ?"

கல்லறைத் தோற்றத்தை மறைக்க மேலே வைக்கோல் பரப்பினார். ஆடு வைக்கோலைத் தின்றுவிட்டு, நடுமேட்டில் ஏறி நின்று அவரையே பார்த்தது.

புது வைக்கோல் பரப்பி, அதில் மிளகாய் விழுதைப் பூசினார். அதையும் தின்றது, காரம் தாங்காமல் துள்ளிக் குதித்து மூன்று மேட்டையும் தரைமட்டமாக்கியது.

பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்.

"வேர் அழுகிடும், எடுங்க!" என்றாள் யூஃபென், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "இப்படி வளர்த்தா மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷமானாலும் பூக்காது."

எடுத்தார். மறுநாள் விடிந்தபோது முற்றமெங்கும் உறைபனி. கடைசிக் கன்றின் கடைசித் தண்டு ஆட்டின் வாயில் இருந்தது.

தெசெங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. செருப்பை வீசினார். அது ஆட்டின் மேல் படவில்லை.

"போதும்! பூவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "யூஃபென்! என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா, இல்லியா?"

சுவருக்கு அந்தப் பக்கச் சமையலறையிலிருந்து யூஃபெனின் மருமகளின் குரல் கேட்டது.

"அத்தை, அப்போ நாளையிலேருந்து ஆட்டை அவுத்து விட வேணாம்தானே?"