வேண்டாம் அண்ணாச்சியும் வெள்ளைக் காளானும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் காளானை அவரளவுக்கு நேசித்த ஆள் கிடையாது. அடுத்தவன் வாய்க்குப் போகிற காளானைப் பிடுங்கி எறிந்ததிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊரில் ஒரு வாடகை வீட்டில் கல்யாணமாகாத மூன்று பேர் குடியிருந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். செல்லத்துரை பாளையங்கோட்டைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாமவர் நிலம் அளக்கும் சர்வேயர், நாற்பத்தைந்து வயது. ரேஷன் கார்டில் என்ன பெயரோ, ஊருக்கு அவர் 'வேண்டாம் அண்ணாச்சி'. யார் காளானைக் கொண்டுவந்து காட்டினாலும் புரட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பூதக்கண்ணாடியில் பார்ப்பார், கடைசியில் "வேண்டாம்" என்பார்.

மழை விழுந்ததும் ஓர் அம்மாள் எங்கள் தெருவுக்குக் கூடையில் காளான் கொண்டுவருவாள். அண்ணாச்சி கூடையை நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாக ஆராய்வார்.

"ஏ அண்ணாச்சி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரே!"

"அந்த மண்ணைத்தான் தேடுதேன் ஆத்தா. அடிக்கட்டையை எங்க? மேலோட அறுத்துட்டு வந்துருக்கியே! மனுசனை முகத்தைப் பாத்து எடை போடலாம். காளானைக் காலைப் பாத்துல்லா போடணும்!"

இதுதான் அவர் பாடத்தின் முதல் வரி. காளானை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். குடைக்கு அடியில் மடிப்பு என்ன நிறம், தண்டில் வளையம் உண்டா, மண்ணுக்குள் கிண்ணம் மாதிரி ஓர் உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குடையை ஒரு காகிதத்தில் கவிழ்த்து, மேலே தம்ளரை மூடி வைத்தால் காலையில் வித்துத்தூள் கோலம் மாதிரி படிந்திருக்கும். அதன் நிறத்தையும் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் குப்பைதான். பதினோரு வருஷம் படித்து, புற்றுக்குள் ஆழமாக வேர் இறங்கும் ஒரே ஒரு காளானைத்தான் அவர் தின்றார்.

"எங்க எட்டாங்கிளாஸ் பயலுவ இதைவிடச் சீக்கிரம் படிச்சிருவானுவ அண்ணாச்சி" என்பான் செல்லத்துரை.

"படிச்சிருவானுவ. உசிரோட இருப்பானுவளா?"

வீட்டில் தம்ளர் எல்லாம் காளான்மேல் கவிழ்ந்து கிடக்கும். நாங்கள் காபியைச் செம்பில் குடிப்போம். ஒருமுறை அவர் கைக்கு அகப்பட்டது என் ஜாதகத்தின் பின்பக்கம். ஆழ்வார்திருநகரியில் பெண் பார்த்திருந்தார்கள். நானும் கவனிக்காமல் தபாலில் போட்டுவிட்டேன். காபி நிறத்தில் வட்டமாக, ஆரம் ஆரமாக ஒரு காளான் அச்சு! பெண்ணின் அப்பா பதில் எழுதினார்: "சக்கரம் பொறித்த ஜாதகம் கிடைத்தது. பூஜையில் வைத்திருக்கிறோம்."

அந்த ஐப்பசியில் கங்கைகொண்டான் பக்கம் நிலம் அளக்க அண்ணாச்சி நாலு நாள் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறு போன செல்லத்துரை ஒரு பை நிறையக் காளானோடு வந்தான். மரத்தடியில் பறித்ததாம். பால் வெள்ளை. அவ்வளவு அழகான காளானை நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி வரட்டும்வே" என்றேன்.

"அவரு வந்து என்ன சொல்லப்போறாரு? வேண்டாம்பாரு."

அவனிடம் வேறு சோதனை இருந்தது. கொதிக்கும் சட்டியில் பூண்டும் ஒரு வெள்ளி மோதிரமும் போட்டான். கறுத்தால் விஷமாம். இரண்டும் கறுக்கவில்லை. எனக்குக் கந்த சஷ்டி விரதம், பாலும் பழமும்தான். "உமக்குக் கொடுப்பினை இல்லவே" என்று சிரித்துக்கொண்டே சாயங்காலம் சட்டியை அவனே வழித்துத் தின்றான். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறியது நிஜம்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டது. பக்கத்து டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். காளானைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. நேற்றுத் தின்றது நேற்றே காட்டியிருக்காதா என்பது எங்கள் கணக்கு. செவ்வாய்க்கிழமை காலையில் செல்லத்துரை கீர்த்தனை பாடிக்கொண்டு சவரம் செய்தான். அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். விஷயத்தை நான் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன்.

அவர் பையைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார். வாழைத்தூரில் கொட்டிய குப்பையைக் கையால் கிளறினார். ஒரு தண்டு கிடைத்தது. அதன் அடியில் உடைந்த முட்டையோடு மாதிரி வெள்ளைக் கிண்ணம். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பம் தின்னாரு?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

"எப்பம் வாந்தி?"

"மறுநாள் காலைல. ஆனா இப்ப நல்லாயிட்டாரு அண்ணாச்சி."

"நல்லாவல்லவே. வாந்தி உடனே வராம பைய வந்துச்சுல்லா, அதுதான் கொல்லும். ஒருநாள் சும்மா இருக்க மாதிரி இருக்கும். உள்ள ஈரல் வெந்துகிட்டு இருக்கும்."

சவரம் பாதியில் நிற்க, முகத்தில் சோப்பு நுரையோடு அவனை வாடகைக் காரில் ஏற்றினோம். "எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தணும்வே, விடும்!" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி அந்தத் தண்டைக் காட்டிப் பேசியதும் டாக்டர் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். முடிந்ததெல்லாம் செய்தார்கள். வியாழக்கிழமை செல்லத்துரையின் கண் மஞ்சளானது.

வெள்ளிக்கிழமை, அவனுக்கு நினைவு தெளிவாக இருந்த கடைசி நேரத்தில், அண்ணாச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"நீரு வீட்ல இருந்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீருல்லா?"

அண்ணாச்சி அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லவே. நானும் ஏமாந்திருப்பேன். ரெண்டு கரண்டி கேட்டு வாங்கித் தின்னிருப்பேன்."

"அப்பம் நான் மடையன் இல்ல."

"யாரு சொன்னா? நீரு வாத்தியாருல்லா வே."

அந்த ஒரு பொய்யை அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். எந்தக் காளானை அவர் பத்தடி தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடுவாரோ, அதன் தண்டு தீப்பெட்டிக்குள் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் செல்லத்துரை போய்விட்டான். அவனுடைய அம்மா யாரையும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதைத் தாங்குவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணாச்சி அந்த அலுமினியச் சட்டியை நசுக்கிக் குழிதோண்டிப் புதைத்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"நீரு தின்னீரா?"

"விரதம் அண்ணாச்சி. தொடவே இல்ல."

"ருசி கூடப் பாக்கல?"

"இல்ல."

நம்பவில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, கீழிமையை இழுத்து, பூதக்கண்ணாடி வைத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். மறுநாள் காலையும் பார்த்தார். அதற்கு மறுநாளும். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. அவருக்கு மாற்றல் வந்த நாள் வரைக்கும் ஒரு காலை கூட விடவில்லை. முதல் வாரம் மட்டும் "நான் தின்னல அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன். பல் துலக்கியதும் நானே போய் அவர் முன்னால் ஜன்னலோரம் முகத்தைத் தூக்கிக் காட்டி நிற்பேன், அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல்.