வெற்றிடத்துக்கு ஒரு கையெழுத்து

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, வெயிலுக்குக் கொஞ்சமும் பஞ்சமில்லாத ஒரு பொட்டலில், சூரியனைச் சின்னதாகச் செய்து பார்க்க அரசு ஓர் ஆய்வு உலை வைத்திருந்தது. உளுந்தவடை வடிவத்தில் பெரிய இரும்புக் கலன். அதிலிருந்து காற்றைச் சுத்தமாக உறிஞ்சிவிட்டு, துளி வாயுவை உள்ளே விட்டு, கோடி டிகிரிக்குச் சூடேற்றவேண்டும். நான் அங்கே தட்டச்சர்; வீட்டில் வேலையில்லாத ஒரு பையனுக்கு அப்பா.

1994-ல் ஓர் ஆய்வுக்கட்டம் முடிந்தது. அடுத்ததற்குள் உலையைக் கழற்றிப் பழுதுபார்த்து, உள்சுவர் ஓடுகளையெல்லாம் புதிதாக மாற்றினார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் உலை எரியாவிட்டால் அதை வடக்கே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பொறியாளர் ராஜராஜேஸ்வரிக்கு அந்த உலைதான் உயிர். பன்னிரண்டு நாள் பம்பு ஓட்டிக் காற்றை வெளியேற்றி, படிவத்தில் 'உள்ளிருக்கும் பொருள்' என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பினார்.

சரிபார்ப்பு அதிகாரி சிவசண்முகம் நெற்றிப் பட்டையும் மூக்குக்கண்ணாடியுமாகப் படிவத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஒண்ணுமில்லைங்கதை யாரும்மா பாத்தது?"

"மீட்டர் காட்டுது சார்."

"மீட்டர் கையெழுத்துப் போடுமா? அதிகாரி நேரில் கண்டு உறுதி செய்யணும்னு விதி இருக்கு. மூடியைத் திறங்க."

"திறந்தா காத்து உள்ள போயிரும் சார்."

"நான் சட்டுனு பாத்துட்டு மூடிருதேன்."

திறந்தார்கள். அதிகாரி தலையை நுழைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு எழுதினார்: 'பொருள்: காற்று. அளவு: ஏராளம். மேற்படி அறிக்கை உண்மைக்குப் புறம்பானது.' ராஜராஜேஸ்வரிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மூன்று பிரதி, நான்தான் அடித்தேன்.

மறுபடி பன்னிரண்டு நாள். மறுபடி ஒன்றுமில்லை. மறுபடி மூடி. மறுபடி ஏராளம். இரண்டாவது மெமோவில், அனுமதிச்சீட்டு இல்லாமல் காற்றை உள்ளே விட்டவர் யார் என்றும் கேட்டிருந்தார்கள். அந்த அம்மாள் அன்று தனியாகப் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஃபிட்டர் மந்திரமூர்த்திதான் வழி சொன்னார். "மேடம், மூடியில கெட்டிக் கண்ணாடி ஒண்ணு பதிச்சிருவோம். வெளியே நின்னே பாத்துட்டுப் போகட்டும்."

பதித்தார்கள். பம்பு ஓடி முடிந்தபோது ஏப்ரல் பதிமூன்று. சிவசண்முகம் கண்ணாடி முன்னால் நின்று உற்றுப் பார்த்தார். உள்ளே கும்மிருட்டு. அவர் முகம் வெளுத்தது.

"ஏலே மந்திரமூர்த்தி! உள்ள ஒரு ஆளு நிக்கான்லே!"

"எப்படி இருக்கான் ஐயா?"

"நெத்தியில பட்டை, மூக்குக்கண்ணாடி. கௌரவமான ஆளாத்தான் தெரியுதான். திறங்க, உயிர் விஷயம்!"

கெடுவுக்கு இரண்டே நாள். ராஜராஜேஸ்வரி கண்ணிமைக்காமல் சொன்னார்: "திறக்கவேண்டாம் சார். அவரு உங்க துறை ஆளுதான். உள்ளேயே இருந்து ஒண்ணுமில்லைன்னு சரிபார்த்துக்கிட்டு இருக்காரு."

"நேரிலயா?"

"நேரிலதான் சார்."

"என்ன கிரேடு?"

"உங்க கிரேடுதான்."

சிவசண்முகம் கண்ணாடிக்கு ஒரு வணக்கம் வைத்தார். உள்ளிருந்தவரும் வைத்தார். "மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று மனம் குளிர்ந்து கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் தேதி உலை எரிந்தது. முக்கால் நொடி, ரோஜா நிறத்தில் ஒரு வெளிச்சம். ராஜராஜேஸ்வரி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். உலை இங்கேயே தங்கிவிட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள்தான் சிவசண்முகத்துக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கோடி டிகிரியில் உள்ளே இருந்த அதிகாரி என்ன ஆனார்? உடனே இரங்கல் கூட்டம் போட்டார்கள். மூடிக்கு மாலை சாத்தி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பணியில் இருக்கும்போதே உயிர்நீத்த அன்னாரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தரப்படும் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள்.

அதுவரை டவுண் பஸ்ஸில் எங்கள் ஆபீஸைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஊர் சட்டென்று சிரிப்பை நிறுத்தியது. ஒரே வாரத்தில் நூற்றுப் பதினேழு பேர், முறைப்படி முத்திரை வைத்த வாரிசுச் சான்றிதழோடு வாசலில் வரிசை கட்டினார்கள். அத்தனையையும் நான்தான் பதிவு செய்தேன். நாற்பத்து மூன்றாவது விண்ணப்பம் என் மகனுடையது. அதில் 'தந்தை: காலமானார்' என்ற வரியையும் நானேதான் அடித்துக் கொடுத்தேன்.