ஒரே தாளில் இரண்டு மூளை

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. குளியலறைக் கதவைத் தாழிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து நடுங்கினால் மன்னிக்கவும். இயந்திரம் ஓடவில்லை, நடுங்குவது நான்தான்.

கணக்கில் நான் மக்கு என்று பள்ளியில் சந்தேகம். அறிவுத்திறன் சோதனை முடிவைத் திங்களன்று கொடுத்தால்தான் ஒன்பதாம் வகுப்பு, இல்லாவிட்டால் மறுபடி எட்டு என்று சொல்லிவிட்டார்கள். அப்பா என்னை ஓர் உளவியலாளர் அம்மாவிடம் அழைத்துப் போனார். "கல்லு தண்ணியில முங்குது, காகிதக் கப்பல் மிதக்குதே, ஏம்மா?" என்று அவர் என்னைக் கேட்டால், "கப்பல் விட இவளுக்கு நேரமிருக்குங்க, கணக்குப் போடத்தான் இல்ல" என்று அப்பா பதில் சொல்கிறார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் பக்கத்தில் நின்று விரல் காட்டுகிறார், அதுவும் தப்புத் தப்பாக. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மா, "சார், பெரியவங்களுக்கும் இதுமாதிரி ஒண்ணு இருக்கு, அடுத்த ரூம்ல செய்யறீங்களா?" என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு பேர் மார்க்கையும் ஒரே தாள்ல போடுங்க. இவளுக்கு வராத புத்தி வீட்ல யாருகிட்ட இருக்குன்னு ஸ்கூல்லயும் தெரியட்டும்" என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அங்கே வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். இருபது வருடம் மேலாளராக இருப்பவர் இல்லையா, "நீங்க அடுக்குங்க, நான் செக் பண்றேன்" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நேரம் முடிந்துவிட்டது.

எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. அப்பாவுக்கு எண்பத்தொன்பது. நூறுதான் சராசரி என்று கீழே கொட்டை எழுத்தில் வேறு போட்டிருக்கிறார்கள். "பரவாயில்லையே, பொண்ணு என்னை மாதிரி" என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தாள் பீரோவுக்குள், சாவி அப்பாவிடம். "மெஷின் கோளாறு" என்கிறார். அங்கே மெஷினே இல்லை அத்தை, பென்சில்தான்.

அப்பா பயப்படுவது தன் அக்காவான உங்கள் ஒருவருக்குத்தான். சனிக்கிழமையே வந்து அந்தத் தாளை வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் போன வருடம் என்னை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகளோடுதான் உட்கார வேண்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

நடுங்கும்
உங்கள் தம்பி மகள்

பி.கு.: அப்பா கதவைத் தட்டி, நோட்டைப் பிடுங்கி, எல்லாவற்றையும் படித்துவிட்டார். அடிக்கவில்லை. "அக்கா வரட்டும். அவளுக்கும் டெஸ்ட் வெச்சு அதே தாள்ல சேர்த்துட்டா ஸ்கூலுக்குக் குடுத்துடறேன். என்னைவிடக் கம்மியா ஒருத்தராவது இருக்கணும்ல" என்கிறார். சனிக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் வாங்கப் போகிறாராம். அத்தை, உங்கள் புத்திசாலித்தனம் ஊருக்கே தெரியும். அன்று ஒருநாள் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.