மூதூரில் இறங்காதவர்

இந்த உலகத்தில் கப்பல் ஏறினவர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, ஆகக் கூடிய தூரம் பயணம் செய்து ஓரிடத்துக்கும் போய்ச் சேராதவர் யார் என்று கேட்டால், எங்கள் ரிட்டன் ஐயா ஒருவர்தான் கையை உயர்த்துவார். அதுவும் பெருமையோடு உயர்த்துவார்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓர் அரசாங்கப் பண்டகசாலையில் அவர் தலைமைக் கிளாக்கர். நான் அங்கே பியோன், நிரந்தரமில்லாத பியோன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய காரியம் என்று வீட்டில் சொல்வார்கள். ஐயாவின் சொந்தப் பெயர் அலுவலகக் கடிதங்களில் மட்டும் வரும். மற்றப்படி ஊர் முழுக்க ரிட்டன் ஐயா. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த நாளில் அரசாங்க உத்தியோகத்தருக்கு லீவு போக இலவச ரயில் வாரண்ட் உண்டு. எங்கள் ஆட்கள் அதைக் கையில் வாங்கியதும் கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று பெட்டி கட்டுவார்கள். ஐயா வாரண்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். வைகாசி மாதம், கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும் நேரம் பார்த்து, பதினாலு நாள் லீவு எடுப்பார். புதுச் சேட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி, ஒரு சூட்கேஸ், கையில் கன்வஸ் சாய்கதிரை. வாசலில் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்படுவார். புறப்பட்டு, குடாவைக் கடந்து போய்வருகிற மோட்டார்ப் படகான மூதூர் லோஞ்சில் ஏறுவார்.

மூதூருக்குக் கடலால் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். ஐயா இறங்கமாட்டார். கதிரையில் சாய்ந்தபடியே மூதூரைப் பார்ப்பார். பிறகு லோஞ்ச் திரும்பும், அவரும் திரும்புவார். கரைக்கு வந்ததும் இன்னொரு ரிட்டன் டிக்கட். இப்படி ஒரு நாளைக்கு மூன்று தரம், பதினாலு நாள், வருசா வருசம். மூதூர் மண்ணை மிதித்தால் அது பயணம் ஆகிவிடும், மிதிக்காமல் வந்தால்தான் உல்லாசம் என்பது அவருடைய கொள்கை.

மேல்தட்டில் ஆடுகளுக்கும் சைக்கிள்களுக்கும் தயிர்ச்சட்டிகளுக்கும் நடுவில் அந்தக் கதிரை விரிந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சேட்டு மாற்றுவார். பெரிய கப்பல்களில் கப்டன் பயணிகளோடு இருந்து சாப்பிடுவார் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, லோஞ்சை ஓட்டுகிற மூதூர்த் தண்டலுக்குத் தினமும் அழைப்பு விடுவார். முஸ்லிம் மனிதர், அண்ணன் என்கிற முறையில் எல்லாருக்கும் காக்கா. காக்காவும் தினமும் ஒரே மறுமொழிதான் சொல்வார்.

"சேர், நான் ஒங்களோட குந்திச் சாப்பிட்டா, லோஞ்சி சீனன்குடாவுக்குப் போயிரும்."

உல்லாசப் பயணம் போனவர் வீட்டுக்குத் தபாலட்டை போட வேண்டாமா? லோஞ்சிலிருந்தே எழுதி, இறங்குகிற யாரிடமாவது கொடுத்து மூதூர்த் தபாற்பெட்டியில் போடச் சொல்வார். அந்த அட்டை அடுத்த நாள் தபால் மூட்டையில், அதே லோஞ்சில், அவருடைய கதிரைக் காலடியிலேயே திருகோணமலைக்கு வரும். அதற்கும் அடுத்த நாள் வீட்டுக்கு வரும்போது ஐயா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கையைக் கழுவிவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்: "நான் சுகம். கடல் அமைதி. உன்னை நினைத்துக்கொண்டேன்."

அந்த அம்மா முதல் வருசம் அவரோடு போய்ப் பார்த்தவதான். இரண்டு பேருக்கென்று கட்டிக்கொண்டு போன புட்டையும் முட்டைப் பொரியலையும் பாதிக் கடலில் பதினாலு பேருக்குப் பரிமாறி, யாரோ ஒருத்தியின் பிள்ளையை மடியில் வைத்திருந்து, இன்னொருத்தியின் வாந்தியைத் துடைத்து, கரையேறியதும் தீர்ப்புச் சொல்லிவிட்டா: "வீட்டில சமைக்கிற குசினி ஓரிடத்தில நிக்குது. இது ஆடுது. வேற வித்தியாசம் ஒண்டும் இல்லை."

அதன்பிறகு அவ போகவில்லை. ஆனால் வைகாசி பிறந்தால் சூட்கேசைத் தட்டித் துடைத்து வைப்பதும் அவதான்.

ஒருமுறை வெள்ளைக்காரரின் உல்லாசக் கப்பல் ஒன்று உள்துறைமுகத்தில் வந்து நங்கூரம் போட்டது. கலியாண வீடு மாதிரி வெள்ளையடித்த கப்பல். நாங்கள் கோவைகளை மூடிவிட்டு யன்னலில் நின்றோம். ஐயா கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு இறங்குதுறைக்கே போய், ஒரு வயதான தம்பதியைப் பிடித்து மறித்து விசாரித்துவிட்டு வந்தார். கிழவிக்கு அந்தக் கப்பல் சொர்க்கமாம். பெட்டியை ஒருதரம் அவிழ்த்தால் போதும், ஊர்கள் தாங்களாகவே வாசலுக்கு வருகின்றன, இன்றைக்கு என்ன சமைப்பது என்ற யோசனை இல்லை என்றாவாம். கிழவருக்கு நரகமாம். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் தன் வயிற்று ஒப்பரேஷன் கதையைத் தொடங்கிய பக்கத்துக் கதிரைக்காரன் ஒரு மாதமாகியும் முடிக்கவில்லையாம். எழும்பி வேறெங்கேயாவது போகலாம் என்றால் சுற்றிவரத் தண்ணீராம்.

அலுவலகம் இரண்டாகப் பிரிந்து கதைத்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துச் சல்லிக் கிராமத்திலிருந்து மாமா சைக்கிளில் மீன் கொண்டு வந்தார். மாமா என்றால், அப்போது மாமா ஆகவில்லை. அவருடைய மகள் யோகத்தை எனக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த மனிதர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஐயாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"வெறுங்கையோட திரும்பி வாறதுக்கு ஆக்கள் காசு குடுக்கினமோ ஐயா? நாங்கள் வெறுங்கையோட வந்தால் அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்காயினம்."

"நீங்கள் மீனைத் தேடிப் போறீங்கள். நான் ஒண்டையும் தேடாமல் போறன்," என்றார் ஐயா. மாமா அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, ஒரு பாரைக்குட்டியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார்.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. கப்பலில் தொங்கின உயிர்காப்புப் படகுகளை எண்ணினேன். பிறகு தட்டில் நின்ற ஆட்களை எண்ணினேன். தலை சுற்றியது, உட்கார்ந்துவிட்டேன். நான் ஓர்ஸ் ஹில் மேட்டில் வாடகை அறை எடுத்ததே கடல் அவ்வளவு உயரத்துக்கு ஏறி வராது என்றுதான். கணுக்காலுக்கு மேலே கடலை நான் நம்பினதில்லை.

இப்படியிருந்த எனக்கு, ஆறு வருசம் காத்திருந்தபின் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. மூதூர்க் கிளைப் பண்டகசாலைக்குப் பியோன். குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்கு முதல் போய் ஒப்பமிட வேண்டும், தவறினால் வேலை அடுத்தவனுக்கு. தரையால் போகலாம்தான். ஆனால் அந்த வழியில் பஸ்ஸை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்க்கிற துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு கடலுக்குப் பயந்தவன் அத்தனை ஆற்றுக்கும் பயப்பட வேண்டும். "நிரந்தரமாகட்டும், பிறகு கதைப்பம்" என்று மாமா சொல்லியிருந்தார். வேலை போனால் யோகமும் போச்சு. நான் வேலையை விட்டதே கடலுக்குப் பயந்து என்று சல்லியில் தெரிந்தால், அந்தப் பக்கத்துத் தெருவாலும் நான் நடக்க ஏலாது.

என் அம்மா பயப்பிடாதை என்றா. அலுவலகத்தில் அத்தனை பேரும் பயப்பிடாதை என்றார்கள். முழுக்க நனைந்து நிற்கிறவனிடம் நனையாதே என்று சொல்வதுபோல இருந்தது. கடிதத்தோடு இரண்டு இரவு விழித்திருந்துவிட்டு, வேண்டாம் என்று எழுதிக்கொடுப்போம் என்ற முடிவோடு ஐயாவின் மேசைக்குப் போனேன். அவருடைய லீவு தொடங்க ஒரு நாள் இருந்தது.

ஐயா கடிதத்தை வாசித்தார். என் முகத்தையும் வாசித்தார்.

"நீ மூதூருக்குப் போக வேண்டாம்," என்றார். "என்னோட லோஞ்சில சும்மா வா. இறங்கத் தேவையில்லை."

"ஐயா, எனக்குப் பயம்."

"அதுக்குத்தான் கூப்பிடுறன். பெரிய கப்பலில பயப்பிடுறதுக்கெண்டே ஒரு ஆள் வைச்சிருப்பாங்கள். உச்சியில ஏறி நிண்டு முகிலைப் பாக்கிறது, தண்ணியைப் பாக்கிறது. அவன் ஒழுங்காய்ப் பயந்தால்தான் மற்றவை நிம்மதியாய்ச் சாப்பிடலாம். எங்கட லோஞ்சில அந்த ஆள் இல்லை. இத்தினை வருசமும் நான் அரைகுறை நிம்மதியோடதான் சாப்பிடுறன்."

என் லீவுக் கடிதத்தையும் அவரே எழுதி, அவரே சிபார்சு செய்தார். நான் ஒப்பமிட வேண்டிய நாள் அவருடைய லீவின் கடைசி நாளாக விழுந்தது.

முதல் நாள் நான் தட்டின் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன். காலை உணவை வாந்தி எடுத்தேன். பிறகு, அதற்கு முந்தின நாள் உணவையும் எடுத்திருப்பேன் போலிருக்கிறது. இருந்தாலும் உத்தியோகம் உத்தியோகம்தானே? வாயைத் துடைத்துவிட்டு முதல் அறிக்கையைக் கொடுத்தேன்.

"ஐயா, அந்த முகில் கறுப்பாய் இருக்கு."

ஐயா கதிரையை விட்டு எழும்பினார். கையை நெற்றியில் வைத்து அந்த முகிலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்து முடித்தார். "பாத்திட்டன். வெறும் முகில். அடுத்தது?"

எஞ்சின் சத்தம் மாறியிருக்கிறது என்றேன். கீழே இறங்கிப் போய், சேட்டில் எண்ணெய்க் கறையோடு ஏறி வந்தார். பார்த்திட்டாராம். அடுத்தது? ஆடுகள் எல்லாம் ஒரே பக்கமாக நிற்கின்றன என்றேன். கழுத்துப்பட்டியோடு போய் இரண்டு கிடாய்களைக் காதில் பிடித்து மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. சாய்ந்தார், நான் கூப்பிட்டேன், எழும்பினார். சாய்ந்தார், நான் கூப்பிட்டேன், எழும்பினார். இப்படி நாள் நாளாகப் போனது.

பத்தாம் நாளளவில் தண்டல் காக்காவுக்கே பொறுக்கவில்லை. "சேர், இந்தத் தம்பி வந்த நாளிலயிருந்து நீங்க கதிரையில ஒழுங்கா இரிக்கல்லியே," என்று கேட்டுவிட்டார்.

"எனக்கு இப்பதான், காக்கா, முழு நிம்மதி," என்றார் ஐயா, முழங்காலைத் தடவிக்கொண்டே. எனக்கு அப்போது விளங்கவில்லை. கம்பத்தைப் பிடிக்காமலே நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் விளங்கவில்லை.

கடைசி நாள் வந்தது. காலை லோஞ்ச். கடல் ஒழுங்காக இருந்தது, நானும் ஏறக்குறைய ஒழுங்காக இருந்தேன். மூதூர்த் துறையில் கயிறு போட்டு, கரைக்கு ஒரு நீளப் பலகையை நீட்டினார்கள். அந்தப் பலகையைக் கண்டதும் எனக்கு உண்மை உறைத்தது. இத்தனை நாளில் நாற்பது தடவையளவில் இந்தத் துறைக்கு வந்திருக்கிறோம். கடலைப் பழகினோம், முகிலைப் பழகினோம், ஆட்டைக்கூடப் பழகினோம். இறங்குவதை மட்டும் பழகவேயில்லை.

ஆடுகள் இறங்கின. வெறும் தயிர்ச்சட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு ஒரு அம்மா இறங்கினா. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் இறங்கினார். நான் நின்றேன். கரையில் ஏறக் காத்து நின்ற சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. காக்கா என்னைப் பார்த்தார், நான் ஐயாவைப் பார்த்தேன்.

"ஐயா, பலகை வளையுது."

ஐயா பலகையைப் பார்த்தார். பிறகு, பல்லுப் பிடுங்கப் போகிறவன் டொக்டரைப் பார்ப்பது மாதிரி மூதூரைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரி செய்தார். பலகையில் கால் வைத்து, நடுவில் போய் நின்று, இரண்டு தரம் துள்ளினார். பலகை தண்ணீரைத் தொட்டு எழும்பியது. அங்கிருந்து முனைவரைக்கும் நடந்து, அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கணம் நின்று, திரும்பி வந்தார்.

"பாத்திட்டன். ரெண்டு பேரைத் தாங்கும். அடுத்தது?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"ஒண்டும் இல்லை ஐயா," என்றேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கக் கிளைப் பண்டகசாலையில் ஒப்பமிட்டேன். எழுத்து கோணி இரண்டு வரியில் விழுந்தது. கடலால் வந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அங்கேயிருந்த கிளாக்கர் பொறுத்துக்கொண்டார்.

அன்று தொடங்கியது வழக்கு. ஐயா மூதூரில் இறங்கிவிட்டார் என்று தண்டல் காக்கா ஊரெல்லாம் சொன்னார். "நான் பலகையிலதான் நிண்டனான்" என்று பென்சன் எடுக்கும்வரை ஐயா சாதித்தார். இரண்டு பேரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அவர் முனையில் முதுகைக் காட்டி நின்றதும் பயத்தில் தலையைத்தான் குனிந்துகொண்டேன். அதனால் அவர் திரும்பி வந்தபோது நான் பார்த்ததெல்லாம் அவருடைய காலிலிருந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இரண்டும்தான். வலது சப்பாத்தில் ஈரமணல் அப்பியிருந்தது.

யோகத்தைக் கட்டினேன். மூதூரிலேயே குடியிருந்து வேலை பார்த்தேன். தன் மருமகனைப் பற்றிய உண்மை மாமாவுக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கிழமை கதைக்கவில்லை, பிறகு கதைத்தார். வைகாசி வந்தால் நான் பலகையின் லோஞ்ச் முனையில் தேத்தண்ணியோடு நிற்பேன், ஐயா லோஞ்சிலிருந்தபடி கையை நீட்டி வாங்குவார். பிள்ளைக்குக் காய்ச்சல், இடமாற்றம் வருமாம், கிணற்றுக் கட்டு வெடித்திருக்கு என்று நான் வரிசையாகச் சொல்வேன். தேத்தண்ணி முடியும்வரைக்கும் கேட்பார். பயப்பிடாதை என்று அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு இன்றைக்கும் கடல் பயணம் பிடிக்காது. காசு கொடுத்துக் கப்பலேறுகிறவர்களை எனக்கு இன்னும் விளங்கவும் இல்லை. ஆனால் அந்தப் பதினாலு நாளையும் யாராவது திரும்பத் தருவதென்றால், வாந்தியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன்.