பணியிட எண் 214

பதினான்கு இடங்களில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். பதினைந்துதான். தேநீர் குடிக்கப் போன தட்டச்சரை இரண்டு தடவை எண்ணிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு, அவர் திரும்பி வந்து நாற்காலியில் நன்றாக அமர்ந்த பிறகு இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் பதினைந்து.

மத்திய வங்கியின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்து, எந்தப் பணியிடத்தில் யார் இருக்கிறார் என்று பட்டியல் எழுதுவதுதான் அவர் வேலை. ஒன்பது வருடமாக அதையே செய்ததில், பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் தங்கிவிட்டது. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பட்டியல் சார்.

இத்தனை வருடமும் இடங்களுக்கு ஒரு பட்டியல், ஆட்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினால் நிர்வாகக் குழு பார்ப்பதற்கு வசதியாக இருக்குமே என்று போன மாதக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து யோசனை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஒருவர் வேறு யாருமில்லை, பட்டியல் சாரேதான்.

புதுப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் மேலே போக வேண்டும். இன்று செவ்வாய்.

ஒவ்வொருவரின் நியமன உத்தரவையும் எடுத்து, அதிலிருந்த பணியிட எண்ணைப் பதிவேட்டில் தேடி டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதினான்கு பேருக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. பாக்கி இருந்தது அவர் ஒருவர்தான். இழுப்பறையின் அடியிலிருந்து தன் உத்தரவை எடுத்துப் பார்த்தார். பணியிட எண் 214.

பதிவேட்டில் 214-க்கு நேரே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. பக்கத்தில், 'ரத்து. ஆணை எண் 47.' தேதியைப் பார்த்தால் எட்டு வருடம் ஆகியிருந்தது. கையெழுத்தைப் பார்த்தால் முத்து முத்தாக இருந்தது. அவருடைய கையெழுத்து.

நினைவு வந்தது. கணினிகள் வந்த வருடம் பன்னிரண்டு பணியிடங்களைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து ஒரு தாள் வந்தது. பெயர் எதுவும் கிடையாது, வெறும் எண்கள். அவர்தான் ஆணையைத் தட்டச்சு செய்தார். தட்டச்சு செய்த கையோடு பதிவேட்டிலும் கோடு கிழித்துவிடுவது அவர் பழக்கம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. தன் பணியிட எண் யாருக்குத்தான் நினைவிருக்கும்? அவருக்குச் சட்டை அளவே மனைவியைக் கேட்டால்தான் தெரியும்.

வயது ஐம்பத்து மூன்று. குடியிருப்பது வங்கிக் குடியிருப்பு. மகள் கல்லூரியில் கடைசி வருடம். பட்டியல் எழுதுவதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை இந்தத் தாள் மேலே போனால், இல்லாத இடத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிற அந்தப் பதினைந்தாவது ஆள் யார் என்று முதல் வரியிலேயே கேட்பார்கள்.

எண்ணைத் தப்பாகத் தட்டியிருக்கலாமே! 241 என்பது 214 ஆகியிருக்கலாமே! அசல் ஆணையைப் பார்த்துவிட்டால் போதும் என்று கீழ்த்தளத்து ஆவண அறைக்கு இறங்கினார்.

ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அங்கே யாராவது வந்தாலே சந்தோஷம். நீட்டிய கோரிக்கைச் சீட்டை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"ஆணை எண் 47. எதுக்கு சார்?"

"சும்மாதான்."

"சும்மான்னு இந்தச் சீட்டுல ஒரு கட்டமும் இல்லையே சார்."

"பார்வைக்குன்னு போட்டுக்கோங்கம்மா."

"சாதா நகலா, சான்றிட்ட நகலா?"

பிழைத்திருத்தம் கேட்பதென்றால் சாதா நகலை யாரும் மதிக்க மாட்டார்கள். "சான்றிட்டதே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, மூஞ்சியில ஈயாடல?"

"நான் இல்லையாம்."

"எங்க இல்லையாம்?"

"ஆபீஸ்ல. எட்டு வருஷமா."

"அப்ப தெனமும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டு எங்க போனீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதை யாரு கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"கோடு போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு பட்டியலையும் சேர்க்கச் சொன்னது?"

அவர் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக ஒழுங்குபடுத்தி வைத்தார்.

"உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு ஒருத்தன் மெனக்கெட்டு வந்தாலும், உங்க வேகத்துக்கு அவனால ஈடுகொடுக்க முடியாது. நாளைக்கே போய் உங்க மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"சொல்லாட்டி?"

"அதுக்கு ஒரு வழி யோசிச்சிருக்கேன்" என்றார். மனைவியின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

வழி இதுதான். நூலகத்தில் ஒரு இடம் நான்கு வருடமாகக் காலி. புதன்கிழமை காலை அந்த இடத்துக்கு நேரே தன் பெயரை எழுதினார். பதினான்குக்குப் பதினான்கு. முன்வரைவு எல்லாப் பிரிவுக்கும் கணினியில் போய்ச் சேர்ந்தது. மதியச் சாப்பாடு அன்றைக்குத்தான் கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கியது.

சாப்பிட்டுவிட்டு ஆவண அறைக்குப் போனார்.

"46 இருக்கு சார், 48 இருக்கு. 47-ஐ மட்டும் காணோம்" என்றார் அந்த அம்மா.

"காணோமா? யாராவது எடுத்திருப்பாங்களா?"

"என்னைக் கேக்காம இங்க ஒரு தாளைக்கூட எடுக்க முடியாது சார்."

யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. விசாரணைப் பிரிவாகத்தான் இருக்கும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று எங்கோ காத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் தன் கைக்குக் கிடைத்தாக வேண்டும். அங்கேயே நின்று இன்னொரு சீட்டு எழுதி, மேலே 'அவசரம்' என்று போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை நூலகர் ஆளைத் தேடிக்கொண்டு நேரே பணியாளர் பிரிவுக்கே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"சார், உங்களைத்தான் கையோட கூட்டிட்டுப் போக வந்தேன்! நாலு வருஷமா ஒரு ஆளு குடுங்கன்னு கத்திக்கிட்டிருக்கேன். ரெண்டாயிரம் புத்தகத்துக்கு எண் ஒட்டணும். ஏணி ஏறுவீங்கல்ல?"

"மெதுவாப் பேசுங்க சார்."

"ஏன் சார் மெதுவா? நல்ல விஷயம்தானே!"

கண்ணாடிக் கதவு திறந்தது. இயக்குநர் வெளியே வந்தார். அந்தப் பெண்மணி அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"உங்களை நூலகத்துக்குக் கொடுக்கறதா யார் முடிவு பண்ணாங்க, பட்டியல் சார்?"

"கணினியில வரி மாறிடுச்சு மேடம்."

"உங்க பட்டியல்லயா? வரி மாறிடுச்சா?"

"ஒரே ஒரு வரி மேடம்."

"உடனே சரி பண்ணுங்க."

நூலகர் ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார். பட்டியல் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் பட்டியலின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. நீண்ட விடுப்பில் இருப்பவர்களுக்கு அங்கே தனியாக ஒரு பக்கம் உண்டு. அதில் பணியிட எண் கேட்பதில்லை, பெயர் மட்டும் போதும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் பெயரை அதில் தட்டிவிட்டார். பட்டியல் மேலே போய்த் திரும்பி வரும்வரை இரண்டு வாரம் விடுப்பில் இருப்பதுபோல் தாளில் இருந்துவிட்டு, ஆளாக வேலைக்கு வந்துகொண்டிருக்கலாம். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று தோன்றியது.

தோன்றிய சந்தோஷத்தில் கீழே போய் மூன்றாவது சீட்டும் கொடுத்தார். 'மிக மிக அவசரம்.' அடியில் இரண்டு சிவப்புக் கோடு.

"உங்க அவசரம் எனக்குப் புரியுது சார்" என்றார் அந்த அம்மா. "மேல்மாடி அலமாரியெல்லாம் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். என் சர்வீஸ்ல முடியாதுன்னு ஒரு சீட்டையும் திருப்பினதில்ல. நீங்க கவலைப்படாம போங்க."

இந்த வங்கியில் தனக்கென்று ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் அட்டையைக் காட்டினார். பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. துடைத்துக் காட்டினார். திருப்பிக் காட்டினார். சிவப்புதான்.

காவலாளி திரையில் வந்திருந்த புதுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், நீங்க நீண்ட லீவுல இருக்கீங்க."

"நான் இங்கதானே நிக்கிறேன்!"

"நிக்கிறீங்க சார். லீவுல நிக்கிறீங்க. லீவுல இருக்கறவங்களை உள்ள விடக் கூடாது."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பட்டியல் போகணும்ங்க. நான் போகலைன்னா குடி முழுகிப் போயிடும்."

"வேணும்னா பார்வையாளரா போங்க சார். இந்தத் தாளைப் பூர்த்தி பண்ணுங்க."

பெயர், முகவரி எல்லாம் எழுதினார். 'யாரைப் பார்க்க வேண்டும்?' என்ற இடத்தில் பேனா நின்றது. இயக்குநரின் பெயரை எழுதப் பயம். மற்றவர்களை எழுதினால் எதற்கு என்று கேட்பார்கள். வேறு வழியில்லாமல், 'பட்டியல் எழுத்தர், பணியாளர் பிரிவு' என்று எழுதினார்.

காவலாளி கடமை தவறாதவர். தொலைபேசியை எடுத்துப் பட்டியல் எழுத்தரின் எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

"எடுக்க மாட்டேங்கறாரு சார். சீட்ல இல்ல போலிருக்கு. அப்படி உக்காருங்க, வந்ததும் சொல்றேன்."

பட்டியல் சார் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து தனக்காகக் காத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை காவலாளி தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முக்கால் மணி நேரம் கழித்து இயக்குநரின் கார் வந்தது.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"பட்டியல் எழுத்தரைப் பார்க்க வந்திருக்காரு மேடம்" என்றார் காவலாளி.

இயக்குநர் அவரைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார். அறைக் கதவு மூடியதும் பட்டியல் சார் உடைந்துவிட்டார். சிவப்புக் கோடு, நூலகம், விடுப்பு, மூன்று சீட்டு என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். மகளின் படிப்பையும் விடவில்லை.

இயக்குநர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதை செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார்."

"என் மனைவியும் அதைத்தான் சொன்னா மேடம்."

"சரி, இப்ப கேளுங்க. 46 இருக்கு, 48 இருக்கு, நடுவுல 47 இல்லைன்னா என்ன அர்த்தம்? மேல போன தாள் மேலயே படுத்துடுச்சுன்னு அர்த்தம். அந்தக் காலத்துத் துணை ஆளுநர் பாதி ஆணைகள்ல கையெழுத்தே போட மாட்டாராம். கையெழுத்து இல்லைன்னா அது வெறும் காகிதம். பதிவேட்டுக் கோட்டை ரப்பரால அழிச்சுட்டு நீங்க பாட்டுக்கு உங்க சீட்ல உக்காரலாம்."

"கையெழுத்து இருந்தா மேடம்?"

"இருந்தா என் கையில ஒண்ணுமில்ல. போய்ப் பார்த்துட்டு வாங்க."

அவர் மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார். ஆவண அறை வாசலில் அந்த அம்மா கையில் ஒரு உறையோடு, சிரித்த முகமாக நின்றிருந்தார்.

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன் சார். கிடைச்சுடுச்சு!"

"கையெழுத்து?" என்றார் பட்டியல் சார். மூச்சு வாங்கியது.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க! பழைய துணை ஆளுநர் ரூம்ல, அலமாரிக்கு அடியில, எட்டு வருஷமா கையெழுத்தே ஆகாம கிடந்திருக்கு சார்."

பட்டியல் சார் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நான்கு நாள் பயமும் கண்ணீராக இறங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தார். வீட்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும், மனைவியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

"நீங்க நல்லா இருக்கணும்மா. நீங்க மட்டும் தேடலைன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!"

"இதுல என்ன சார் இருக்கு" என்று வெட்கத்தோடு உறையை நீட்டினார் அந்த அம்மா. "கையெழுத்தில்லாத ஆணைக்குச் சான்றிட்ட நகல் குடுக்க முடியாதே, நீங்களும் பாவம் மூணு சீட்டு அனுப்பிட்டீங்களேன்னு, நானே மேல போய் நின்னு, அரை மணி முன்னாடிதான் இப்ப இருக்கற துணை ஆளுநர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்."