துரைக்குக் குளிர் ஆகாது

"இந்த வீட்ல இனிமே ஒரு உயிர் குளிர்ல கஷ்டப்படக் கூடாது!"

என் வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் நின்று இப்படிச் சபதம் செய்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருஷமாக நடுங்கிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்காவது மனிதருக்கு என் மேல் இரக்கம் வந்ததே என்று நினைத்தேன். கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டேன்.

ஆமையைச் சொல்லியிருக்கிறார்.

இவர் ஏசி மெக்கானிக். ஊரில் எந்த ஏசி மூச்சை நிறுத்தினாலும் போய்ப் பிழைக்க வைத்துவிட்டு வருவார். பிழைக்காமல் போனவற்றின் உறுப்புகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றிலிருந்து கம்ப்ரசர், ஒன்றிலிருந்து விசிறி, இன்னொன்றிலிருந்து மூடி என்று சேர்த்து எங்கள் படுக்கையறைக்கு ஒரு ஏசி செய்து மாட்டியிருந்தார். அந்த ஏசிக்குத் தாய் ஆறு பேர். தகப்பன் இவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் அதைப் பதினெட்டுக்கு மேலே ஏற்றவே மாட்டார்.

"பத்தொன்பதுல வைங்களேன். குளிருது."

"குளிருதுன்னா போர்வையைப் போத்திக்கோ."

"போத்தியிருக்கேன்."

"இன்னொண்ணு போத்திக்கோ."

"அதையும்தான் போத்தியிருக்கேன். ரெண்டுக்கும் அடியில மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டுதுன்னா வேர்க்குதுன்னு அர்த்தம். பதினேழுல வைக்கட்டுமா?"

இந்த மனிதரிடம் என்ன பேச? காலில் சாக்ஸ், தலையில் மப்ளர் என்று பனிமலை ஏறப் போகிறவள் மாதிரி நான் கட்டிலில் ஏறுவேன். காலையில் எழுந்தால் வலது தோள் இறுகிப் போயிருக்கும். கையைத் தூக்கித் தலை வார முடியாது. இடது கையால் கொண்டை போட்டுப் போட்டு, அது எப்போதும் ஒரு பக்கமாகவே தொங்கும். தோளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தார். ஏசியைத் தொடவில்லை.

இந்த நிலையில்தான் அந்த ஆமை வந்தது. வீடு காலி செய்து போகிற யாரோ ஒரு வாடிக்கையாளர், "வளர்க்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவர் தலையை ஆட்டியிருக்கிறார். உள்ளங்கை அளவுக் குட்டி. ஸ்பானர் பைக்குள் திருப்புளிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது.

"பேர் என்னங்க இதுக்கு?"

"வைக்கலையாம். நீ ஒண்ணு வையேன்."

"வேளாவேளைக்கு இலை நறுக்கணும், தண்ணி வைக்கணும், தூக்கிக்கிட்டுப் போய் வெயில் காட்டணும். துரைன்னு கூப்பிடுங்க, பொருத்தமா இருக்கும்."

எரிச்சலில் சொன்னேன். இவருக்குக் கிண்டல் புரிந்தால்தானே? அன்றிலிருந்து அது துரை.

மகன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கவலைப்பட ஆள் குறைந்துவிட்டதே என்றிருந்த எனக்கு இப்போது ஒரு ஆமை. மிதித்துவிடுவோமோ, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளுமோ, ஆமையைத் தொட்ட கையோடு இவர் சாப்பாட்டில் கை வைப்பாரோ? "கையைக் கழுவுங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று கத்தியே என் தொண்டை போயிற்று.

இவரோ பாசத்தில் தக்காளியும் வாழைப்பழமுமாக ஊட்டினார். தன் கூடவே படுக்கையறையில் வைத்துக்கொண்டார், அந்தப் பதினெட்டில். சில நாளில் துரை தலையை உள்ளே இழுத்தது. வெளியே நீட்டவில்லை. ஓட்டை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"கம்ப்ரசர் ஓடுது. ஆனா அவுட்புட் இல்ல."

"அது ஆமைங்க. டாக்டர்கிட்ட தூக்குங்க."

மிருக டாக்டரம்மா துரையைக் கையில் வாங்கி ஓட்டின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"ஓரம் மெத்துன்னு இருக்கு. குட்டியில இப்படியே விட்டா ஓடு கோணிடும். பிழைக்கிறதே கஷ்டமாயிடும். பழம் வேண்டாம், விதவிதமா இலை குடுங்க. கால்சியத்துக்குக் கணவாய் மீன் ஓட்டைத் தூள் பண்ணி மேல தூவுங்க. தினமும் வெயில் படணும், ஒதுங்க நிழலும் இருக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார வைங்க, தாடைக்கு மேல தண்ணி வேண்டாம். முக்கியமா ஒண்ணு, குளிர் ஆகாது. உடம்புல சூடு இருந்தாத்தான் சாப்பிடும்."

குளிர் ஆகாது! இதே இரண்டு வார்த்தையை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்? வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால்தான் இவர் காதில் ஏறும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும்தான் அந்தச் சபதம். சரி, ஆமைக்காகவாவது ஏசியை நிறுத்துவார் என்று நம்பினேன். நிறுத்தினாரா? நிறுத்தவில்லை. ஒரு பெட்டி செய்தார். சுற்றிலும் தெர்மாகோல், உள்ளே சூடு கொடுக்க ஒரு விளக்கு, வெயில் மாதிரி வெளிச்சம் தர இன்னொரு விளக்கு, சூட்டைக் காட்ட ஒரு மீட்டர். அதைக் கொண்டுபோய்ப் படுக்கையறை மூலையில் வைத்துவிட்டு, ஏசியைப் பதினெட்டில் போட்டார். ஒரே அறை. மூலையில் துரைக்குக் கோடைகாலம். கட்டிலில் எனக்குப் பனிக்காலம்.

"என்னங்க, அந்தப் பெட்டியில எனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?"

"கிண்டல் பண்ணாத. அவன் குட்டி."

"நானும் ஒரு காலத்துல குட்டியாத்தான் இருந்தேன்."

"உனக்கு என்ன, ஓடு மெத்துன்னு ஆகிடுச்சா?"

"தோள் கல்லு மாதிரி ஆகிடுச்சு."

"பாத்தியா, உனக்குக் கால்சியம் நல்லாவே இருக்கு!"

அன்றைக்கு நான் அழவில்லை. அழுதால் கண்ணீர் உறைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

பகல் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. பால்கனியில் வெயில் காட்டுவது, தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உட்கார வைப்பது, பெட்டியைச் சுத்தம் செய்வது எல்லாம் நான்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்து தன் கையால் இலை ஊட்டுவது மட்டும் இவர். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத் தர மாட்டார்.

ஒருநாள் மத்தியானம் வெயில் காய்ந்துகொண்டிருந்த துரை கழுத்தை முழுதாக நீட்டி என்னைப் பார்த்தது. பசி என்றால் ஒரு முகம் உண்டு, அது மனிதருக்கும் ஆமைக்கும் ஒன்றுதான். மனசு கேட்கவில்லை. தொட்டியிலிருந்து நாலு செம்பருத்தி இலை பறித்து, கொஞ்சம் கீரை சேர்த்து, கணவாய் ஓட்டுத் தூளை உப்பு மாதிரித் தூவி வைத்தேன். கறுக் கறுக்கென்று சத்தத்தோடு தின்றது.

சாயங்காலம் இவர் இலையை நீட்டினார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்து போய்விட்டது.

மத்தியானம் தின்றுவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் இவர் பெட்டியின் மூலைக்கு மூலை கன்னத்தை வைத்துப் பார்த்து முடிவு சொல்லிவிட்டார்.

"பெட்டி லீக் ஆகுது. வெளிக் குளிர் உள்ள இறங்குது."

"மீட்டர் அதே சூட்டைத்தானே காட்டுது?"

"அது காத்தோட சூடு. இது உள்ளுக்குள்ள ஏறுற குளிர். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. நீ எனக்குச் சொல்லித் தராத."

சொல்லிவிட்டு ஏசியை இருபத்தொன்றுக்கு ஏற்றினார். திறந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்று ஒரே போர்வையில் தூங்கினேன்.

நான் திட்டம் போட்டேன் என்று யாரும் பழி சொல்லக் கூடாது. திட்டம் தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தது. தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் துரைக்குச் சும்மா இரண்டு இலை. சாயங்காலம் இவர் கையிலிருந்து பிடுங்கித் தின்றது. இவர் கூடத்துக்கும் அறைக்கும் குதித்தார். "பாத்தியா! இருபத்தொண்ணுல சாப்பிடுறான்!"

"உங்க மூளையே மூளைங்க" என்றேன்.

சில நாள் கழித்து வேர்க்கிறது என்று மறுபடி பதினெட்டுக்கு இறக்கினார். மறுநாள் மத்தியானம் துரைக்கு விருந்து வைத்தேன். சாயங்காலம் இவர் கெஞ்சினார், கொஞ்சினார், இலையை மூக்குக்கு நேரே ஆட்டினார். துரை தலையையே வெளியே எடுக்கவில்லை. இவர் பதறிப்போய் இருபத்துநாலுக்கு ஏற்றினார். மறுநாள் துரைக்கு அபாரப் பசி. இப்படியே ஏற்றி ஏற்றி, கடைசியில் ஒருநாள் ஏசியின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். அன்று துரை தின்ற வேகத்தைப் பார்த்து இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. இந்த விளையாட்டில் வாயில்லாத ஜீவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இவர் இல்லாத நேரம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "இலையை எப்பம்மா குடுக்கிறது நல்லது, மத்தியானமா, சாயங்காலமா?"

"வெயில் பட்டு உடம்பு சூடா இருக்கிறப்போ மத்தியானம் குடுக்கிறதுதான்மா நல்லது. நல்லா செரிக்கும்."

என் மனசாட்சிக்கும் நல்லா செரித்தது. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தவே இல்லை. சாயங்காலம் இவர் கையால் தின்னக் கொஞ்சம் பசி மட்டும் மிச்சம் வைத்தேன். என் தோள் இளகியது. கொண்டை நடு மண்டைக்கு வந்தது.

ஆனாலும் ஏசி சுவரில்தானே தொங்குகிறது? இவர் படுக்கையில் மல்லாந்து அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எப்போது மனசு மாறுமோ? அந்தச் சமயத்தில்தான் இவர் அக்கா மாடி வீட்டுக்குக் குடிபோனார். சூடு தாங்கவில்லை என்று தினம் போனில் புலம்பல்.

"பாவங்க உங்க அக்கா. மாடி வீட்ல வெந்து போறாங்க. நம்ம ஏசி சும்மாதானே தொங்குது? ஓடாத ஏசி கெட்டுப் போகும்னு நீங்களே சொல்வீங்களே."

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா பேசுறே? என் அக்காவுக்காகவா?"

"குடும்பம்னா வேற என்னங்க."

உருகிவிட்டார். மறுநாளே கழற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டில் மாட்டிவிட்டு வந்தார்.

என் தங்கையும் மாடி வீட்டில்தான் வேகிறாள். அவளுக்குக் கொடுத்திருந்தால் அடுத்த வாரமே சர்வீஸ் செய்யப் போகிறேன் என்று கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அக்கா வீட்டுக்குள் போன பொருளைத் திருப்பிக் கேட்கிற தைரியம் இவருக்கு மட்டுமில்லை, இவர் அப்பாவுக்கே இருந்ததில்லை.

பிறகு துரையை மறுபடி டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். தராசில் வைத்தார். ஓட்டை அழுத்தினார். சிரித்தார்.

"அருமை! ஓடு கெட்டியாயிடுச்சு. எடையும் நல்லா ஏறியிருக்கு."

இவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாம் ஏசியை நிறுத்தினதுதான் டாக்டர். பதினெட்டுல வெச்சா பட்டினி. நிறுத்தினா சாப்பாடு. நானே கண்டுபிடிச்சேன்."

"பெட்டிக்குள்ள சூடு குறைஞ்சுதா?"

"பெட்டிக்குள்ளயா? எப்பவும் ஒரே சூடுதான்."

"அப்போ வெளிய ஏசி ஓடுறது இதுக்கு எப்படித் தெரியும்?"

இவர் குனிந்து துரையின் ஓட்டில் காதை வைத்தார்.

"பட்டினி கிடந்தா இப்படி எடை ஏறாதுங்க. இது தினமும் நல்லா சாப்பிட்ட உடம்பு. பகல்ல வீட்ல யாரு இருக்கா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். துரையும் கழுத்தை நீட்டி, இலை வருமா என்று என்னையே பார்த்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த கோழிப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா?"

"எது?"

"மத்தியானச் சாப்பாடு!"

"பசியில பாத்துச்சு, போட்டேன். பச்சைக் குழந்தையைப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"என் ஏசியை நீ..."

"நான் தொட்டேனா? ஏத்தினது நீங்க. நிறுத்தினது நீங்க. கழட்டினதும் நீங்க. நான் கீரை நறுக்கினதோட சரி."

"இன்னைக்கே திரும்பக் கொண்டுவந்து மாட்டுறேன் பாரு. இப்பவே அக்காகிட்ட கேட்கிறேன்!"

"தாராளமா கேளுங்க. நம்பர் போட்டுத் தரட்டுமா?"

நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு இவரே போட்டார். ஸ்பீக்கரில் வேறு போட்டார், நான் கேட்க வேண்டுமாம். மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் அக்கா.

"டேய் தம்பி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் ஏசி என்னமா குளிருது தெரியுமா! ரூமுக்கு இது போதும்டா. ஹாலுக்கு இன்னொண்ணு எப்போ செஞ்சு எடுத்துக்கிட்டு வர்றே?"

இவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வர்றேன்க்கா" என்றார்.